வடு விழாத ரப்பர்

குப்பையில் போடுவதற்காகத்தான் சுகுமாரன் அந்தப் பழைய மூடியைக் கையில் எடுத்தான்.

வியாழக்கிழமையிலிருந்து அது மேசை ஓரத்திலேயே கிடந்தது. ஒரு மோரிஸ் மைனர் காரின் ரேடியேட்டர் மூடி. அந்தக் காடி அவன் மனைவி காஞ்சனாவின் அண்ணன் வசந்தனுடையது. "தண்ணி எங்க போவுதுன்னே தெரியல மாப்ளே. ஒழுகவும் இல்ல. இந்த மூடிதான் செத்துப் போச்சின்னு நெனைக்கிறேன். இதே மாதிரி புதுசு ஒண்ணு குடு" என்று வசந்தன் அன்று அதை மேசைமேல் உருட்டி விட்டான். சுகுமாரன் அளந்து பார்த்தான். அச்சாக அதே மூடி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அகலம் சரி, உயரம் சரி, மேலே பொறித்திருந்த எண்ணும் சரி. அந்தப் புது மூடியோடுதான் சற்று முன்பு வசந்தன் ஜெராய் மலைக்குப் புறப்பட்டுப் போனான். பக்கத்து இருக்கையில் காஞ்சனா இருந்தாள்.

மூடியைத் திருப்பினான். விரல் நின்றது.

மூடியின் அடியில், சுருள்கம்பியின் முனையில், ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ரேடியேட்டரின் கழுத்துக்குள்ளே ஒரு விளிம்பு. மூடியை அழுத்தித் திருகினால் சுருள்கம்பி அந்த ரப்பரை விளிம்பின்மேல் அமுக்கிப் பிடிக்கும். தண்ணீரை உள்ளே கட்டி வைப்பது அந்தப் பிடிதான். சில மாதங்கள் ஓடிய மூடி எதுவானாலும் அதன் ரப்பரில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்திருக்கும். இந்த ரப்பர் வெளுத்திருந்தது, ஓரத்தில் வெடித்திருந்தது. நடுவில் கன்னம்போல வழவழவென்று இருந்தது.

சுகுமாரன் மேசைக்கு அடியிலிருந்த பால் டின்னைக் கவிழ்த்தான். மற்றவர்கள் விட்டுப்போன பழைய மூடிகள் கொட்டின. ஒவ்வொன்றாகத் திருப்பினான். தழும்பு. தழும்பு. இதிலும் தழும்பு. வசந்தனின் மூடி ஒன்றுதான் எதையும் தொடாமல் இருந்திருக்கிறது. அந்த ரேடியேட்டரின் கழுத்து ஆழமானது, மூடி குட்டை. மேல்பக்கம் மூடி உட்கார்ந்துவிடுகிறது, பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. உள்ளே ரப்பர் விளிம்பைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. காடி ஓடும்போதெல்லாம் கழுத்தோரம் இருக்கும் சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் சிந்திக்கொண்டே போயிருக்கிறது.

தப்பான மூடிக்கு அவன் தப்பே இல்லாமல் ஜோடி பார்த்திருந்தான்.

பீடோங் கடைத்தெருவில் பழைய காடிகளுக்குச் சாமான் விற்கிறவன் அவன் ஒருவன்தான். மோரிஸ், ஆஸ்டின், டட்சன் எதுவானாலும் கழற்றிய சாமானைக் கையில் கொண்டுவராமல் யாரும் வரக்கூடாது என்று வாசலில் பலகை போட்டிருந்தான். மலாயிலும் தமிழிலும் அவனே எழுதியது. வாயால் சொல்கிறவன் தப்பாகச் சொல்லுவான், சாமான் பொய் சொல்லாது என்பது அவன் எண்ணம். வடக்கே அலோர்ஸ்டார்வரை எல்லாப் பட்டறைக்காரர்களும் அப்படித்தான் சாமான் வாங்குகிறார்கள். முன்னால் பூட்டினவனே தப்பாகப் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை.

அவனுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை வசந்தன் கடை வாசலிலேயே பானட்டைத் திறந்து புது மூடியைப் பூட்டினான். இரண்டு விரலால், ஜாம் போத்தலை மூடுகிறமாதிரி. சரியான மூடி என்றால் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் திரும்பாது. சுகுமாரன் அதைப் பார்த்தான். ஏன் இவ்வளவு லேசாகப் போகிறது என்று மனத்துக்குள் ஒரு கேள்வியும் வந்தது. வாயைத் திறந்தால் காஞ்சனா திரும்பிப் பார்ப்பாள். அவள் வசந்தனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டில் பேச்சில்லை. சுகுமாரன் உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தான்.

பேச்சு நின்றதற்குச் சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சாப்பிடும்போது காஞ்சனா, "சனிக்கெழம அண்ணன்கூட மலைக்குப் போறேன். பழைய காடிக்காரங்க எல்லாரும் ஏறுறாங்களாம். நீங்களும் வாங்களேன்" என்றாள். அவன் யோசித்தான். சனிக்கிழமை லீவு நாள், கடைக்கு ஆள் வரும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் காடி மலை ஏறுமா என்று யோசித்தான். தனக்குப் போக ஆசையாக இருக்கிறதா என்றும் யோசித்தான். யோசித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். திரும்பி வந்தபோது மேசை துடைக்கப்பட்டிருந்தது. "செவுத்தக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட எதிரொலியாச்சும் வரும்" என்று சமையலறையில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதும் அவன் யோசித்து முடித்திருக்கவில்லை.

இப்போது அவள் அந்தக் காடியில் இருக்கிறாள்.

சமதரையில் அது தாக்குப்பிடிக்கும். மலையில் ஏறும்போது தண்ணீர் வேகமாகக் குறையும். அந்தக் காடியில் சூடு காட்டும் முள் கிடையாது. ஆவி வந்தால்தான் தெரியும். ஆவி வந்ததும் வசந்தன் என்ன செய்வான் என்பதும் சுகுமாரனுக்குத் தெரியும். துண்டை நான்காக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே மூடியைத் திருகுவான். "அது ஒரு கலை மாப்ளே. பயந்தவனுக்குத்தான் சுடும்" என்பான். செமிலிங் பாலத்தில் ஒருமுறை அப்படித் திறந்ததைக் காஞ்சனாவே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். அண்ணன் திறக்க, தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் குனிந்து நின்று ஊற்றியது அவள்தான். அன்று காடி அவ்வளவாகச் சூடேறவில்லை. இன்று மலை.

கைப்பேசியை எடுத்துக் காஞ்சனாவைக் கூப்பிட்டான். மணி அடித்தது, வெட்டப்பட்டது. மறுபடி அடித்தான். மறுபடி வெட்டினாள். மூன்றாவது முறையும் நான்காவது முறையும் அப்படியே. வசந்தனுடையது அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான். அந்த விஷயத்தில் மட்டும் அவன் மிகவும் ஜாக்கிரதையான ஆள்.

உள்ளறையில் ஒரு அட்டைப் பெட்டியில் நீளக் கழுத்துக்கான பழைய மாதிரி இங்கிலீஷ் மூடிகள் கொஞ்சம், இன்னும் பூட்டாத புதுசாகவே இருந்தன. ஒன்றை எடுத்து வசந்தனின் மூடியோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தான். சுண்டுவிரல் நகத்தின் அளவு வித்தியாசம். அவ்வளவுதான். பெண்டாங்கில் யாரோ கழித்துப்போட்ட காடியிலிருந்து ரேடியேட்டர் வாங்கி மாட்டியதாக வசந்தன் எப்போதோ சொல்லியிருந்தான். அந்தக் காடி இதைவிடப் பழையதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டிருக்கலாம். வசந்தன் நின்றிருந்த இடம் மேசைக்கு அந்தப் பக்கம்தான்.

நீள மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பக்கத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் தேவகி அக்கா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படிக் கெடக்கு? பேயப் பாத்தியா?"

"அக்கா, கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"அலாமா, நீயாவே பேசுறியே! இன்னைக்கு மழதான். யாராச்சும் வந்தா என்னா குடுக்க?"

"ஒண்ணும் குடுக்காதீங்க. யாருக்கும் ஒண்ணும் விக்காதீங்க."

தேவகி அக்கா இலையைக் கீழே வைத்தாள். "என்னாச்சி?"

"காஞ்சனா போன எடுக்க மாட்றா. வசந்தன் காடிக்குத் தப்பான சாமான் குடுத்துட்டேன். மலையில சூடாயிரும்."

"எடுக்கலன்னா வாய்ஸ் மெசேஜ் போடு. எம்மருமவ கோவிச்சிக்கிட்டா நான் அதத்தான் போடுவேன். போன எடுக்காதவளும் அத மட்டும் தெறந்து கேப்பா. நாம என்னா திட்டியிருக்கோம்னு தெரியணும்லா!"

அவன் தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

பீடோங்கிலிருந்து குரூணுக்குப் போகும் சாலையில் லீவு நாள் நெரிசல். இருபுறமும் செம்பனைத் தோட்டம், நடுநடுவே ரப்பர் மரங்கள், பிறகு தொழிற்சாலைச் சுவர். சுகுமாரன் லாரிகளுக்கு இடதுபக்கமாகப் புகுந்து போனான். கண் முன்னால் சாலை இருந்தது. அதற்கும் முன்னால் வேறொன்று இருந்தது. குனிந்த ஒரு முகம். மூக்குத்தியின் ஓரம் வியர்த்திருக்கும். நெற்றியில் விழும் முடியை அவள் முழங்கையால் ஒதுக்குவாள், இரண்டு கையிலும் போத்தல் இருப்பதால். அந்த முகத்துக்கு நேரே ஒரு மூடி திரும்பும். அவன் தலையை உதறினான். படம் போகவில்லை.

குரூணில் சிவப்பு விளக்கு விழுந்தது. கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது? காஞ்சனா என்று பெயரைச் சொல்லியே நாளாகிவிட்டதுபோல் இருந்தது. வீட்டில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஒரே அறையில் இருக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிடுவான். மூச்சு வாங்கியது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்ததில் விரல் நழுவியது. ஒரு சொல்லும் இல்லாத பதிவு அப்படியே பறந்துவிட்டது.

விளக்கைத் தாண்டி ஓரமாக நிறுத்தினான். மறுபடி அழுத்தினான்.

"காஞ்சனா. நான்தான். அந்த மூடி தப்பு. நான் தப்பாக் குடுத்துட்டேன். காடி சூடானா அண்ணனத் தொட விடாத. நீ கிட்டப் போவாத. கிட்ட நிக்காத. கேக்குதா?" பதில் சொல்லாத ஒன்றிடம் கேக்குதா என்று கேட்டதை எண்ணி ஒரு நொடி கூசினான். அனுப்பினான். இரண்டு பதிவுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக்தான் நின்றது. மலையில் லைன் கிடைக்காது.

அடிவாரத்தில் மாங்காய் விற்ற மலாய்க்காரப் பெண்ணிடம் பழைய காடிகள் போனதா என்று கேட்டான். கல்யாண ஊர்வலம்மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு எல்லாம் எப்போதோ மேலே போய்விட்டன என்று சிரித்தாள். பச்சை நிறத்தில் ஒன்று கடைசியாகப் போனது என்றாள். வசந்தனுடையது பச்சைதான். அவன் நன்றி சொல்ல மறந்து ஏறினான்.

மலைச்சாலை குறுகலானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காடு. மோட்டார் இரண்டாம் கியரில் முனகியது. முதல் சில வளைவுகளில் ஒன்றுமில்லை. பதற்றம் கொஞ்சம் தணிந்தது. ஒருவேளை ஏறிவிட்டிருப்பார்களோ? மேலே ஓய்வு விடுதியில் உட்கார்ந்து மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்களோ? வசந்தன் தன்னைக் கண்டதும் எப்படிச் சிரிப்பான் என்றுகூட நினைத்துப் பார்த்தான். அந்தச் சிரிப்பு வேண்டும்போல் இருந்தது.

அடுத்த வளைவின் நிழலில் சாலை நடுவே சொட்டுச் சொட்டாக ஈரம் தெரிந்தது.

மோட்டாரை நிறுத்தாமல் குனிந்து பார்த்தான். துரு கலந்த பழுப்புத் தண்ணீர். வெயில் பட்ட இடத்தில் காய்ந்து கறையாக இருந்தது. நிழலில் இன்னும் பளபளத்தது. கொஞ்ச தூரத்தில் சொட்டுகள் நெருங்கின. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து கோடாயின. செங்குத்தான ஏற்றத்தில் கோடு தடித்தது. அவன் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டினான். கோடு வளைந்த இடத்தில் அவனும் வளைந்தான்.

பிறகு கோடு நின்றுவிட்டது.

சாலை காய்ந்து கிடந்தது. அவனுக்குப் புரிந்தது. ஒழுகுவதற்கு இனி ஒன்றுமில்லை. அடியில் மிச்சம் கிடக்கும் கொஞ்சத் தண்ணீர் இந்நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அவ்வளவு ஆவியையும் அந்தச் சின்னக் குழாயால் வெளியே விட முடியாது. அவன் மோட்டாரை இன்னும் முறுக்கினான். இன்னும் ஒரு வளைவு. இன்னும் ஒன்று.

பச்சைக் காடி சாலையோரப் புல்லில் ஒதுங்கி நின்றது. பானட் திறந்திருந்தது. வெள்ளையாக ஆவி ஏறிக்கொண்டிருந்தது. வசந்தன் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குனிந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது.

"தொடாத!"

அது தன் குரல் என்று சுகுமாரனுக்குத் தெரியவில்லை. அவன் அப்படிக் கத்தியதே கிடையாது. வசந்தனைவிட இளையவன் அவன், எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். வசந்தன் திடுக்கிட்டுத் திரும்பினான். முகம்தான் திரும்பியது. கை ஏற்கெனவே திருகியிருந்தது.

சீற்றம். மூடி எகிறிப் பானட்டின் உள்பக்கத்தில் டங்கென்று மோதியது. பழுப்புத் தண்ணீரும் ஆவியும் ஆளுயரத்துக்கு எழும்பின. வசந்தன் பின்னால் போய் விழுந்தான்.

"காஞ்சனா!" என்று சுகுமாரன் மறுபடி கத்தினான். மோட்டார் கீழே சாய்ந்தது. அவன் ஆவிக்குள் கையை நீட்டித் துழாவப் போனான்.

"இங்க இருக்கேன்."

அவள் பின்னாலிருந்து வந்தாள். வளைவின் ஓரம், மரங்கள் விலகிக் கீழே சமவெளி தெரிகிற இடத்திலிருந்து. கைப்பேசி இன்னும் காதில் இருந்தது. முகத்தில் ஒரு சொட்டும் இல்லை. அவன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஐயோ, அங்க பாருங்க, அண்ணன்!" என்று அவள்தான் அவனைத் தள்ளினாள்.

வசந்தனின் முன்கை முழங்கைவரை சிவந்துபோயிருந்தது. துண்டு இருந்த இடம் தப்பியிருந்தது. முகம் திரும்பியிருந்ததால் காதோரத்தில் மட்டும் நாலைந்து பொட்டு. போத்தல் தண்ணீரை முழுவதும் அவன் கையில் ஊற்றினார்கள். வசந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாப்ளே... சாமான் ஃபெர்ஸ்ட் கிளாஸ். கடைக்கு ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுர்றேன்" என்றான். அடுத்த நொடி, "யம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"மூடி குட்ட மச்சான். ஒங்க பழசும் குட்ட. அதப் பாத்து நானும் குட்டையே குடுத்துட்டேன்."

"அப்ப என்மேலயும் தப்பு. சரி, பாதிப் பாதி."

"பூட்டுறப்பவே எனக்கு சந்தேகம் வந்துச்சு. சொல்லல."

வசந்தன் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். இம்முறை தமாஷ் வரவில்லை.

வசந்தனைக் காணோமென்று மேலேயிருந்து லோகேஸ்வரன் என்ற கூட்டாளி தன் டட்சனில் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் வசந்தனை ஏற்றிக் குரூண் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். "காடிய விட்டுட்டு வந்துராதீங்க, கொரங்கு கழட்டிக்கிட்டுப் போயிரும்" என்று வசந்தன் ஜன்னலிலிருந்து சொன்னது வளைவில் மறைந்தது.

இருவரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்கள். காடி சூடு ஆறும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. இரும்பு ஆறும்போது எழுகிற டிக், டிக் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. சுகுமாரன் கைகளை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டான். காடு அமைதியாக இருந்தது. இதுபோன்ற அமைதியில் மணிக்கணக்காக இருக்கக்கூடியவன்தான் அவன். இன்று முடியவில்லை.

"நீ ஏன் அங்க போன?" என்றான்.

காஞ்சனா கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போத்தலத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். அப்பத்தான் ஒங்க மெசேஜ் வந்துச்சு. கேட்டா ஒண்ணுமே இல்ல. மூச்சு வாங்குற சத்தம் மட்டும். பின்னால ஏதோ ஹாரன்." கைப்பேசியை இறுகப் பிடித்தாள். "எங்கயோ ரோட்டுல விழுந்து கெடக்கீங்கன்னு நெனச்சேன். நெஞ்சு வலியோ என்னமோன்னு. அத்தன தடவ கூப்ட்டீங்களே, கல்யாணம் ஆனதுலேருந்து அத்தன தடவ கூப்ட்டதில்ல. வீம்புக்குக் கட் பண்ணிட்டேனேன்னு... லைன் கெடைக்குமான்னு போத்தல வெச்சிட்டு ஓடினேன்."

"ரெண்டாவது ஒண்ணு அனுப்புனேன்."

"அது இன்னும் வரல."

அவள் அழவில்லை. ஆனால் கீழே புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல என்னா சொன்னீங்க?"

அவன் சொன்னான். மூடி, கழுத்து, ரப்பர், இரண்டு விரல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் யோசித்துக்கொண்டிருந்ததையும் சொன்னான். சொல்லும்போது அது மிகவும் அற்பமாகத் தெரிந்தது. கடைசியில், "இவ்வளவு யோசிக்கிறீங்க, அதுல பாதியச் சத்தமா யோசிச்சா என்னா?" என்றாள். கோபமாகச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரேடியேட்டரில் கைவைக்க முடிகிற அளவுக்குச் சூடு ஆறியதும், பாறையில் வழிந்த ஊற்றிலிருந்து போத்தல் போத்தலாகப் பிடித்து ஊற்றினார்கள். ஊற்றியது அவள்தான். குனிந்தபோது நெற்றி முடியை முழங்கையால் ஒதுக்கினாள். சுகுமாரன் அவள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான். "ஆறிடுச்சில்ல?" என்றாள். "ஆறிடுச்சி" என்றான். கையை எடுக்கவில்லை.

நீள மூடியை வைத்தான். இரண்டு விரலுக்கு அது அசையவில்லை. உள்ளங்கையை வைத்து உடல் பாரத்தைக் கொடுத்ததும் முறுகி, திரும்பி, உட்கார்ந்தது. உடனே மறுபடி கழற்றினான்.

"எதுக்குக் கழட்டுறீங்க?"

அவன் மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினான். புது ரப்பரில் மயிரிழைபோல ஒரு வட்டம் விழுந்திருந்தது. அவள் ஆள்காட்டி விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு தானே அதை வைத்து அழுத்தப் பார்த்தாள். முடியவில்லை. இருவரும் சேர்ந்து அழுத்திப் பூட்டினார்கள்.

மோட்டாரை ஒரு மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு அவன் காடியின் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். மூன்றாவது முயற்சியில்தான் எஞ்சின் பிடித்தது. பிடித்தபிறகும் ஏதோ ஒன்று சரியில்லாமல் லேசாகத் தடுமாறியது. உள்ளே வெந்துபோனது எது, எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. கீழே இறங்கும்வரை தாங்குமா என்பதும் தெரியாது.

"இப்ப சரியாயிருச்சா?" என்று கேட்டாள்.

வழக்கம்போல அவன் யோசித்தான். பிறகு அவளைப் பார்த்து, "தெரியல. எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

காடி மெதுவாக வளைவுகளில் இறங்கியது. காய்ந்த கறை சாலை நடுவே எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் அவள் கைப்பேசி கிணுகிணுத்தது. இரண்டாவது பதிவு வந்திருந்தது. அவள் அதைத் திறக்கப் போனாள்.

"அப்புறம் கேளு" என்றான். "எஞ்சின் சத்தம் கேக்கணும். ஏதாச்சும் மாறுதான்னு நீயும் கேளு."

அவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியையும் இறக்கினாள்.